கதவு திறந்திருக்கும் நாட்களுக்கான பாட்டு

மகனே,

"அழிக்கச் சொன்னா அழிச்சுப்போடவா, அம்மா?" என்று நேற்றுப் பின்னேரம் நீ தொலைபேசியில் கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். இவ்வளவு காலமாகப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறவளுக்கு ஒரு பதிலைத் தயார் செய்வது பெரிய வேலையில்லை. ஆனால் கேட்டுவிட்டு நீ என் சொல்லுக்காகக் காத்திருந்தாயே, அதனால் பொய்யாக ஒன்றைச் சொல்ல மனம் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றன், மனே" என்று வைத்துவிட்டேன். யோசித்துக்கொண்டே மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாளைக் காலை கோயில் முன்றலில் கூட்டம் என்றாய். நானும் வருகிறேன். இதைக் கையிலேயே தருகிறேன்.

நடந்ததை முதலில் ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் பயந்துபோய் இருக்கும்போது தெரிந்த விடயங்களும் தலைகீழாகத்தான் நினைவில் நிற்கும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான். நீயும் போனாய். நாவற்குடாவில் பிறந்து வளர்ந்தவன் வாவியைக் கடந்து படுவான்கரையில் தர்சினியின் வீட்டுக்குக் குடிபோனாய். உடுப்புப் பெட்டியைவிடக் கவனமாக நீ கொண்டுபோனது உன் மடிக்கணினியையும் என் தம்பி, உன் மாமா, பாட்டுகள் பதிந்து வைத்த கசற்றுகளையும்தான். அந்த ஊர் அம்மன் கோயிலின் கதவு வருடத்தில் ஒரு தடவைதான், வைகாசிச் சடங்குக்குத்தான் திறக்கும். கடைசி நாளில் குளிர்த்தி. அம்மனின் கோபத்தைப் பாட்டாலும் தண்ணீராலும் ஆற்றுவார்கள். ஆற்றி முடிந்ததும் கதவைப் பூட்டினால், பிறகு அடுத்த வைகாசிதான். அந்தப் பாட்டையும் அதோடு பூட்டிவிடுவார்கள். வயலில் நிற்கும்போதுகூட ஒருவரும் அதை வாய்க்குள் முணுமுணுக்க மாட்டார்கள். மாமாவின் கசற்றில் இருந்த அதை நீ ஐப்பசி மாதத்தில் இணையத்தில் போட்டாய்.

நல்லதை நினைத்துத்தான் போட்டாய். "லண்டனில இரிக்கிற எங்கட ஆக்களும் கேக்கட்டும், அம்மா" என்றாய். கேட்டார்கள். அவர்களில் ஒருவன் பாட்டின் முதல் அடியை வெட்டித் தன் கைத்தொலைபேசிக்கு மணியாக்கி, அதை ஊரில் இருக்கிற தன் மச்சான் தங்கராசாவுக்கும் அனுப்பினான். தர்சினியின் பெரிய மாமா சலூனில் சவரத்துக்கு இருந்தபோது, பக்கத்துக் கதிரையில் காத்திருந்த தங்கராசாவின் சட்டைப் பை குளிர்த்திப் பாட்டைப் பாடத் தொடங்கியது. அந்தப் பெரிய மாமாதான் கோயிலின் வண்ணக்கர். நிருவாகப் பொறுப்பும் கதவைப் பூட்டும் திறப்பும் அவரிடம். "அரைக் கன்னத்தில சவர்க்கார நுரையோட எழும்பி நடந்து வந்தார், மாமி. சிரிக்கவும் ஏலா, அழவும் ஏலா" என்று தர்சினி எனக்குச் சொன்னாள். நீ அன்றைக்கே பாட்டை இணையத்திலிருந்து எடுத்துவிட்டாய். ஊர் அதோடு விடவில்லை. கணினியில் உள்ளது, கசற்றில் உள்ளது, எல்லாவற்றையும் சபைக்கு முன்னால் அழிக்கவேண்டும் என்கிறார்கள். எல்லோரிலும் பெரிதாகச் சத்தம் போடுகிறவன் தங்கராசா என்கிறாய். அவன் சட்டைப் பைதானே பாடியது, போடத்தான் செய்வான்.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நீ அழிப்பதா வேண்டாமா என்று கேட்பது எதை என்று உனக்கு முழுதாகத் தெரியுமோ என்று யோசித்தேன். அந்தக் கசற்றுகளை என் தம்பி எப்படிச் சேர்த்தான் என்பதை நீ கதையாகத்தான் கேட்டிருக்கிறாய். கடற்கரைப் பக்கம் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தான். திருத்தக் கொடுத்தவர்கள் திரும்பி வராத ஒரு ரேப் ரெக்கோடரைத் தோளில் மாட்டிக்கொண்டு, சடங்கு, கூத்துக்களரி என்று எங்கே சத்தம் கேட்டாலும் போய் நிற்பான். நான் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வரும்போது, "படிச்ச அக்கா, இதக் கேட்டுப்போட்டு இது எந்த நூற்றாண்டு எண்டு சொல்லு பாப்பம்" என்று பகிடி பண்ணுவான். சொல்ல எனக்குத் தெரியாது. அதனால் கேட்பதையே தவிர்த்தேன். யுத்தம் கடுமையான பிறகு, சோதனைச் சாவடியில் கசற் கொண்டுபோகிறவனைச் சும்மா விடமாட்டார்கள். என்ன பாட்டு, யாருடைய பாட்டு என்று துருவுவார்கள். அவன் எல்லாவற்றின் மேலும் சினிமாப் படங்களின் பெயர்களை ஒட்டிவிட்டான். பிற்காலத்தில் நீ ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு, காதல் படம் என்று எழுதியிருந்த கசற்றுக்குள்ளிருந்து உடுக்குச் சத்தம் வந்தபோது சிரித்தாயே, அந்தப் பொய் எழுத்துகள்தான் அவற்றை இத்தனை சாவடி தாண்டிக் காப்பாற்றின.

கடல் ஊருக்குள் ஏறி வந்த அன்று அவன் கடைக்குள் இருந்தான். அவன் உடலை நாங்கள் கண்டெடுத்தோம். பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. கசற்றுகள் இருந்த தகரப்பெட்டி தாழம்பற்றைக்குள் மண் நிறைந்து கிடந்தது. நீ அதை இழுத்துக்கொண்டு வந்தாய். அப்போது நீ பள்ளிக்கூடப் பொடியன். மழைத் தண்ணீரை வாளியில் பிடித்தாய், ஒவ்வொரு கசற்றின் ஆணியையும் கழற்றினாய், நாடாவை வெளியே எடுத்து உப்பும் மண்ணும் போகும்வரை அலசினாய், விறாந்தைக் கொடியில் காயப்போட்டாய். வீடு முழுக்க மண்ணிற நாடா ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மனிசி எட்டிப் பார்த்து, "பொடியனுக்கு ஏதோ பிசகிப்போச்சுப் போல, கவனமாப் பாத்துக்கங்க கா" என்றாள். ஊரே பிணங்களை அடக்கம் செய்துகொண்டிருந்த நாட்களில் நீ நாடா கழுவிக்கொண்டிருந்தாய். அது ஓடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் கழுவுகிற நேரத்தில் மட்டும் நீ அழாமல் இருந்ததைப் பார்த்தேன், கழுவட்டும் என்று விட்டேன். காய்ந்ததைப் பென்சிலால் சுற்றி வேறு கூட்டுக்குள் போட்டு, ஓடவிட்டு, ஒரு நாய் குரைக்கும் சத்தம் வந்ததும் நீ கத்திய கத்து இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு நீ கணினி படித்தாய். ரேப் ரெக்கோடருக்கும் கணினிக்கும் நடுவில் ஒரு வயரைக் கொழுவி, நாடாவில் இருந்ததைக் கணினிக்குள் இறக்கினாய். பாட்டின் வரிகளை நான் தட்டச்சு செய்து தந்தேன். அடுத்த கணினியில் அது கோழி கிளறியது போல வேறெழுத்தாகத் திறந்தபோது, எந்தக் கணினியிலும் திறக்கும் எழுத்துருவில் முழுவதையும் திரும்ப அடிக்கச் சொன்னாய். அடித்தேன். யார் பாடியது, எந்த ஊர், எந்தச் சடங்கு, யார் பதிந்தது என்று ஒவ்வொன்றுக்கும் விவரம் எழுதவேண்டும் என்றாய். என் பட்டப்படிப்பில் எனக்குச் சொல்லித்தந்தது அதுதான், ஆனால் நான் அதை ஒருநாளும் செய்து பார்த்ததில்லை. உன் வேலையில் நான் நம்பிக்கை வைத்தது அப்போதிருந்துதான். இணையத்தில் அந்த நம்பிக்கையை வைக்கவில்லை. யுத்தம் முடிந்துவிட்டது என்று சொல்கிறார்கள், எனக்கும் நிம்மதிதான். இப்போதும் பேருந்தில் ஆமிக்காரன் ஏறினால் கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கிறேன், பிறகு எனக்கே சிரிப்பு வருகிறது. ஒரு பெயர், ஒரு படம், ஒரு குரல் தவறான கையில் போனால் என்னவாகும் என்று பார்த்துப் பழகிய தலைமுறை நாங்கள். நீங்கள் எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்து வைக்கிறீர்கள். அது சரியா பிழையா என்று நான் வாதாடப் போவதில்லை. பயமில்லாமல் திறந்து வைக்கிற ஒரு பிள்ளையைப் பெற்றதில் உள்ளுக்குள் எனக்கு ஆறுதல் உண்டு. உன்னிடம் அதைச் சொன்னதில்லை.

இனி நாளைய கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். அந்தப் பாட்டை நீ துப்புரவு செய்த நாள் ஞாபகமிருக்கிறதா? திரையில் சத்தம் குன்றுகள் போல வரிசையாகத் தெரிந்தது. முன்பகுதியில் ஒரு துண்டை இழுத்துக் கறுப்பாக்கி ஒரு தட்டுத் தட்டினாய், போய்விட்டது. "என்ன மனே வெட்டினாய்?" என்று கேட்டேன். "சும்மா கதை, அம்மா. இருமல், நாய், ஆரோ கத்துறாங்க. பாட்டு பிறகுதான் வருது" என்றாய். நல்லவேளை, மூலத்தில் கைவைப்பதில்லை என்ற பழக்கம் உனக்கு இருந்தது. வெட்டாத பதிவு தனியாக அப்படியே இருக்கிறது. பிரச்சினை வந்த பிறகுதான் அதை முழுதாகக் கேட்டாய். கேட்டுவிட்டு, "அம்மா, அந்தக் கதைக்குள்ள பழைய வண்ணக்கர் சொல்லியிரிக்கார், கதவு திறந்திரிக்கிற நாளையில மட்டும்தான் போடவேணுமாம்" என்றாய். பழைய வண்ணக்கர் இப்போதைய வண்ணக்கரின் தாய்மாமன். அந்தப் பதவி அங்கே மாமனிடமிருந்து மருமகனுக்குத்தான் போகும். "மாமாட குரலும் இரிக்கு" என்று நீ சேர்த்துச் சொன்னாய். நான் கறி அடுப்பில் கிடக்கு என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

அதனால்தான் நேற்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் தம்பியின் குரல் வேறு எங்கும் இல்லை. கடையோடு எல்லாம் போய்விட்டது. படங்கள்கூட இரண்டோ மூன்றோதான். அழிக்காதே என்று சொன்னால், அது என் தேவைக்காகச் சொல்வதா, ஊரின் தேவைக்காகச் சொல்வதா என்று எனக்கே தெரியாது. அழித்துவிடு என்று சொல்ல என் வாய் வராது. இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் அலுமாரியில், என் சேலைகளுக்கு அடியில், நீ தந்த வன்தட்டில் எல்லாவற்றின் பிரதியும் கிடக்கிறது. சபைக்கு அது தெரியாது. நீ உன்னிடம் உள்ளதை அழித்துவிட்டு வரலாம், நான் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். சாவடிகளில் நாங்கள் பழகியது அதுதானே. இன்று காலை முழுக்க அதைத்தான் யோசித்தேன். பிறகு, நீ இனி அந்த ஊர்ப் பிள்ளை என்பது ஞாபகம் வந்தது. அவர்கள் உனக்குப் பெண் தந்திருக்கிறார்கள். நாளைக்கு அந்த வன்தட்டும் என் கைப்பையில் வரும்.

புத்தி சொல்வதில் எனக்கு விருப்பமில்லை என்று உனக்குத் தெரியும். இது ஒன்றை மட்டும் சொல்கிறேன். கூட்டத்தில் பண்பாடு, பாதுகாப்பு, எதிர்காலம் என்று பேசாதே. அதெல்லாம் நான் கருத்தரங்குகளில் நிறையக் கேட்டுவிட்டேன், கேட்கிறவர்கள் தேத்தண்ணியைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். நீ வெட்டியெறிந்த அந்த முன்பகுதியைப் போட்டுக் காட்டு. அது உன் பிழையை ஊருக்கே நிரூபிக்கும் என்று நீ பயப்படுவாய். நிரூபிக்கட்டும். எங்கே நிற்பாட்டவேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துவை. கதவு பூட்டிக் கிடக்கிறது, பாட்டின் ஒரு சொல்லும் வெளியே வரக்கூடாது.

அம்மா

*

இதை மற்றவர்களும் படிக்கலாமா என்று பிறகு உன்னிடம் கேட்டேன். "தர்சினிட்டயும் பெரிய மாமாட்டயும் கேட்டுப்போட்டுப் போடுங்க" என்றாய். நீ அப்படிச் சொன்னதே எனக்குப் போதும். கேட்டேன், சம்மதித்தார்கள். அதனால் மறுநாள் நடந்ததையும் இதன் கீழேயே எழுதுகிறேன்.

காலையில் ஆரையம்பதியில் பேருந்தால் இறங்கி, மண்முனைத் துறையில் பாதை ஏறினேன். வாகனத்தையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றி வாவியைக் கடக்கிற அந்த மிதவையில் யுத்த காலத்தில் ஒருவரும் பேசமாட்டார்கள். அன்றைக்கு ஒரு தயிர்க்காரர் கரை சேரும்வரை தன் மருமகனைத் திட்டிக்கொண்டே வந்தார். கரையில் காத்து நின்ற உன்னிடம் கடிதத்தைத் தந்தேன், நீ அங்கேயே படித்து முடித்தாய். கோயில் முன்றலில் ஆண்கள் மணலில் இருந்தார்கள், பெண்கள் மருத மரத்தடியில். கதவு பூட்டியிருந்தது. தங்கராசா எழும்பி நின்று, "வெளியூர் மாப்பிள்ளைக்கு எங்கட அம்மன்ட சட்டம் தெரியுமா? அழிக்கச் சொல்லுங்க, மறுகா கதைப்பம்" என்றான். வண்ணக்கர் உன்னைப் பார்த்தார். இரண்டு கன்னமும் இப்போது ஒழுங்காக மழித்திருந்தார். நீ மடிக்கணினியைத் திறந்து, சின்ன ஒலிபெருக்கியைக் கொழுவினாய்.

முதலில் நாய். பிறகு இருமல். பிறகு, "சரி அண்ணே, ஓடுது. கதையுங்க" என்று என் தம்பி. நான் மரத்தைப் பிடித்துக்கொண்டேன். அடுத்து ஒரு கனத்த குரல் வந்தது. "இத நாங்க அம்மனுக்கு முன்னால மட்டும்தான் படிக்கிறம். நீ புடிச்சுக்க, புடிச்சா அழியாம இரிக்கும். ஆனா கதவு திறந்திரிக்கிற நாளையிலதான் போடவேணும், தம்பி. மறந்துபோய் நடுவில போட்டிராத." வண்ணக்கர் தலையைக் குனிந்தார். "எங்கட மாமன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் சொன்னார். அப்போது ஒலிபெருக்கிக்குள்ளிருந்து ஒரு பெண் கத்தினாள்: "டேய் தங்கராசா! கோயிலடியில என்னடா செருப்பு? கழட்டுடா!"

எல்லோரும் தங்கராசாவின் காலைப் பார்த்தார்கள். செருப்போடுதான் நின்றான். மருத மரத்தடியில் இருந்த அவன் தாய், "நான்தான் கத்தின. அண்டைக்கும் கழட்டல்ல, இண்டைக்கும் கழட்டல்ல" என்றாள். சபை விழுந்து விழுந்து சிரித்தது. தங்கராசா செருப்பை உதறிவிட்டு, "இதெல்லாமா புடிச்சு வெச்சிரிக்கான்?" என்று முனகிக்கொண்டு மணலில் இருந்தான். சிரிப்புச் சத்தத்துக்குள் பதிவில் உடுக்கு அடிக்கத் தொடங்கியதை முதலில் கவனித்தவர் வண்ணக்கர். கையை உயர்த்திக்கொண்டு பாதி எழும்பிவிட்டார். உடுக்கு நின்றது. பாடுகிறவர் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. நீ நிற்பாட்டினாய்.

வண்ணக்கர் உயர்த்திய கையை இறக்கி, திரும்ப மணலில் இருந்தார். "எங்கட மாமன் புடிக்கச் சொன்னத நான் அழிக்கச் சொல்ல ஏலா" என்றார். "கதவுத் திறப்பு என்னட்ட இரிக்கு. இதுட திறப்பு உன்னட்ட இரிக்கட்டும். வைகாசியில நான் திறக்கக்குள்ள நீ திற, நான் பூட்டக்குள்ள நீ பூட்டு." இணையத்தில் ஊர், பாடியவர், பதிந்தவர் விவரம் மட்டும் எப்போதும் இருக்கும், அந்த நிபந்தனையைப் பழைய வண்ணக்கரின் குரலிலேயே முதலில் வைப்பேன், பாட்டைச் சடங்கு நாட்களில் மட்டும் என் கையால் ஏற்றி இறக்குவேன் என்று நீ சொன்னாய். "தங்கராசா, முதல்ல உண்ட சட்டைப் பையில உள்ளத அழி" என்று யாரோ கத்தினார்கள். அவன் எல்லோருக்கும் முன்னால் அழித்தான். லண்டனில் உள்ளதற்கு என்ன செய்வது என்று கேள்வி வந்தது. "அத அம்மனே போய்ப் பாத்துக்கொள்ளட்டும், விசாவும் தேவயில்ல" என்றார் ஒருவர். வண்ணக்கரும் சிரித்துவிட்டார்.

"வேற எங்கயும் இது இரிக்கா?" என்று அவர் கேட்டபோது நான் முன்னால் போய், கைப்பையிலிருந்து வன்தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கடிதத்தில் படித்திருந்தும் நீ திடுக்கிட்டாய், பார்த்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தூக்கி என்னிடமே தந்தார். "கொண்டு போங்க, மச்சாள். அங்கால கடல் வந்தா இஞ்ச இரிக்கும். இஞ்ச திரும்பவும் யுத்தம் வந்து ஓடச் சொன்னா அங்கால இரிக்கும்."

நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவேண்டி வரவில்லை. தர்சினி சோறு போட்டுத் தந்தாள். நீ இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாய். கலியாணத்துக்குப் பிறகு நீ சரியாகச் சாப்பிட்டதை அன்றைக்குத்தான் பார்ப்பதாக அவள் சொன்னாள். பின்னேரம் இரண்டு பேரும் துறைவரைக்கும் வந்தீர்கள். பாதை அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"மாமாட குரல் கேட்டீங்களா, அம்மா?"

"கேட்டன்."

"அந்தத் துண்டு கதைதானே, பாட்டில்லையே. இப்ப திரும்பிப் போடவா?"

மடிக்கணினிப் பையின் வாயை நீ பாதி திறந்துவிட்டாய். நான் அதைப் பூட்டினேன்.

"வேணாம், மனே. வைகாசியில வாறன். எல்லாரோடயும் கேப்பம்."